கடைசி இடத்தில் ஒரு தொடர்

"மூன்று வாரம் போதும், ஒரு தொடர் தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும்" என்றார் அவர். கைப்பேசியில் படிக்கும் தொடர்கதைகளை வெளியிடும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் எனக்குப் பக்கத்து இலை. எந்த அத்தியாயத்தில் எத்தனை பேர் கழன்றுகொள்கிறார்கள், எந்த இடத்தில் விரல் சலித்துப்போய் நின்றுவிடுகிறது என்பதெல்லாம் அவருக்குத் திரையில் வரைபடமாகத் தெரிகிறதாம். அதைச் சொன்னதில் பெருமையோ அலட்சியமோ இல்லை. மழை வருமா என்று வானத்தைப் பார்த்துச் சொல்கிறவரின் நிதானம்தான் இருந்தது. ரசம் வந்தது, பேச்சு மாப்பிள்ளையின் வேலைக்குத் தாவிவிட்டது. எனக்கு மட்டும் அந்த மூன்று வாரம் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஏனென்றால் இதே மூன்று வாரக் கணக்கில் அகப்பட்டு, செத்துப் பிழைத்த ஒரு தொடரை நான் அறிவேன். 1974இல், ஜப்பானில், சிறுமிகளுக்கான 'ஷோஜோ காமிக்' என்ற வார இதழில் வந்த, ஹாகியோ மோட்டோவின் 'தாமஸின் இதயம்'.

மங்கா என்ற ஜப்பானியப் படக்கதையின் பிரியர்கள் அந்தக் கதையைச் சொல்லும் விதம் பழகிப்போனது. மேதை ஒருத்தி இருந்தாள், வாசகர்களுக்குப் புரியவில்லை, ஆசிரியர் குழு கழுத்தைப் பிடித்துத் தள்ளப் பார்த்தது, கடைசியில் கலை வென்றது. இந்தப் பாட்டு எனக்கு ஒருபோதும் ருசித்ததில்லை. வாசகரை முட்டாளாக்கி எழுத்தாளரை உயர்த்துவது சுலபமான வேலை. நடந்த வரிசையைப் பொறுமையாகப் பார்த்தால், இதில் முட்டாள் என்று யாருமே இல்லை என்பது தெரியும். அதனால்தான் அது இன்னும் தீராத கதையாக இருக்கிறது.

பிந்தி வந்தவனின் கூடை

'ஷோஜோ காமிக்'கை வெளியிட்ட ஷோககுகான் பதிப்பகம் 1922இல் தொடங்கியது. பள்ளி மாணவர்களுக்கு வகுப்புவாரியாக இதழ் போட்டு வளர்ந்த நிறுவனம். சிறுமிகளுக்கான வாராந்தர மங்காவில் அது பிந்தித்தான் கால் வைத்தது. போட்டிப் பதிப்பகங்களான கோதான்ஷாவின் 'ஷோஜோ பிரெண்ட்', ஷுயெய்ஷாவின் 'மார்கரெட்' இரண்டும் 1960களின் முற்பகுதியிலேயே கடைகளைப் பிடித்துக்கொண்டுவிட்டன. 'ஷோஜோ காமிக்' 1968இல் மாத இதழாக வந்து, 1970இல் வார இதழானது. அதே 1970இல் அதன் துணை இதழாக, மாதம் ஒருமுறை வரும் 'பெஸ்ஸாட்சு ஷோஜோ காமிக்' பிறந்தது. நட்சத்திரங்கள் எல்லாம் போட்டி இதழ்களில் இருந்தார்கள். பிந்தி வந்தவனுக்கு மற்றவர்கள் கழித்துப் போட்டதைக் கூடையில் அள்ளிக்கொள்வதைத் தவிர வழியில்லை. அந்தக் கூடையில் என்ன விழுந்தது என்பதுதான் இந்த இதழின் முதல் பத்தாண்டு வரலாறு.

ஹாகியோ மோட்டோ அந்தக் கூடையில் விழுந்தவர். 1949இல் ஃபுகுவோகா மாகாணத்தின் நிலக்கரி நகரமான ஓமுதாவில் பிறந்தவர். 1969இல் கோதான்ஷாவின் 'நகயோஷி' இதழில் முதல் கதை வந்தது. அங்கே கேட்டது உற்சாகமான, கலகலப்பான கதைகள். இவர் வரைந்து கொடுத்ததோ சாவும் தனிமையும் ஊடாடும் கதைகள். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அப்போது ஷோககுகானுக்கு வரைந்துகொண்டிருந்த தகேமியா கெய்கோ, இவரைத் தன் ஆசிரியர் யமமோட்டோ ஜுன்யாவிடம் அறிமுகப்படுத்தினார். கோதான்ஷா வேண்டாம் என்று ஒதுக்கிய கைப்பிரதிகளை யமமோட்டோ வாங்கிக்கொண்டார். அவருக்கு நல்ல கண் இருந்தது என்பார்கள். இருந்தது, மறுக்கவில்லை. நிரப்ப வேண்டிய பக்கங்களும் இருந்தன என்பதைச் சேர்த்துச் சொல்வதில் அவருக்குக் குறைவொன்றும் இல்லை.

ஹாகியோவும் தகேமியாவும் 1970 முதல் 1973 வரை தோக்கியோவின் நெரிமா வட்டாரத்தில், ஓயிஸுமி என்ற இடத்தில், முட்டைக்கோஸ் தோட்டத்தை ஒட்டிய பழைய வாடகை வீடு ஒன்றில் சேர்ந்து குடியிருந்தார்கள். எதிரே தோழி மசுயாமா நோரியேவின் வீடு. இளம் ஓவியர்கள் வந்து போகும் இடமாக அது ஆனது. பிறகு அந்த வீட்டைச் சுற்றி ஒரு தலபுராணமே எழுந்தது. 2016இல் தகேமியாவும் 2021இல் ஹாகியோவும் எழுதிய நினைவு நூல்களைச் சேர்த்து வைத்தால், அந்தப் புராணத்துக்கு அடியில் எவ்வளவு காயம் இருந்தது என்று தெரிகிறது. அது அவர்கள் இருவருக்குள்ளான விஷயம். அந்த வீட்டை மீண்டும் அலங்கரிக்கும் வேலை நமக்கு வேண்டாம்.

எனக்கு முக்கியம், அந்த வீட்டிலிருந்து மாத இதழுக்குப் போன பக்கங்கள். சாகாமல், 14 வயதைத் தாண்டாமல், நூற்றாண்டுகளைக் கடந்துகொண்டே இருக்கும் எட்கர் என்ற ரத்தக்காட்டேரிச் சிறுவனைப் பற்றி நீண்ட கதை ஒன்றை ஹாகியோ மனத்தில் வைத்திருந்தார். புதியவர்கள் ஒரே இதழில் முடியும் சிறுகதைதான் தர வேண்டும் என்பது யமமோட்டோவின் விதி. சரி என்று 1972இல் அடுத்தடுத்து மூன்று சிறுகதைகள் கொடுத்தார். மூன்றும் தனித்தனியாக முடிகின்றன, மூன்றிலும் அதே பையன் இருக்கிறான். இது தொடர்கதைதான் என்பது புரிந்ததும் யமமோட்டோ விட்டுக்கொடுத்தார். 'போ குலம்' அப்படித்தான் தொடங்கியது.

அந்த மூன்றில் கடைசிக் கதை கிளென் ஸ்மித் என்பவரின் நாட்குறிப்பு. மொத்தம் 24 பக்கங்கள். இறந்துபோன ஆங்கிலேயர் ஒருவரின் குறிப்பேட்டை மகள் எலிசபெத் கண்டெடுக்கிறாள். மூடுபனிக்குள் ரோஜாக்கள் பூத்த ஒரு கிராமத்துக்குத் தந்தை இளம் வயதில் வழிதவறிப் போனதாக அதில் இருக்கிறது. அவள் ஜெர்மனிக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். ஒரு உலகப்போர் வருகிறது, இன்னொன்றும் வருகிறது. உறவுகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. குறிப்பேடு மட்டும் கை மாறிக்கொண்டே போகிறது. இருபத்துநான்கு பக்கத்தில் இதை எப்படி அடக்கினார் என்று பார்த்தால், கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளைக்கோட்டில்தான் காலம் ஓடுகிறது. ஒரு கட்டத்தில் இளம்பெண்ணாக இருப்பவள், ஒரு பக்கம் புரண்டால் தாய். காட்டேரிகள் இதில் ஓரமாகத்தான் வருகிறார்கள். காட்டேரிக் கதையைச் சாகிறவர்களின் பக்கத்திலிருந்து சொல்லலாம் என்று ஒரு சிறுமியர் மாத இதழில், இருபத்து மூன்று வயதில், எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒருவர் செய்து காட்டிவிட்டார்.

அட்டை

ஜப்பானிய மங்கா இதழ்களில் வாசகர் கருத்து அட்டை ஒன்று இருக்கும். இந்த இதழில் பிடித்த கதைகள் எவை என்று குறித்து, வயதை எழுதித் தபாலில் சேர்க்க வேண்டும். அனுப்பியவர்களில் குலுக்கிப்போட்டுப் பரிசு தருவது வழக்கம். அட்டைகளை எண்ணித் தொடர்களை வரிசைப்படுத்துவார்கள். மேலே இருப்பவருக்கு வண்ணப் பக்கமும் அட்டைப்படமும் கிடைக்கும். கீழே இருப்பவரிடம், "இன்னும் சில வாரங்களில் முடித்துவிட முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளோடு வளர்ந்த நமக்கு வாசகர் கடிதத்தின் செல்வாக்கு புதிதல்ல. ஆனால் நம்மூரில் அது ஆசிரியரின் காதில் விழும் பேச்சு. அங்கே அது கணக்கு.

இதைக் கொடூரம் என்று சொல்ல மாட்டேன். ஆசிரியரின் ரசனை, அவருடைய நண்பர்களின் ரசனை, விளம்பரதாரரின் ரசனை என்று போகாமல், காசு கொடுத்து வாங்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமியிடமே கேட்பது நேர்மையான ஏற்பாடு. 1950களில் சிறுமிகளுக்கான மங்காவில் பெரும்பகுதியை ஆண்களே வரைந்தார்கள். அதிலிருந்து மாறி, இருபது வயதுப் பெண்கள் சிறுமிகளுக்கு நேரடியாகக் கதை சொல்லும் நிலை வந்ததில் வாசகர் விருப்பத்துக்குப் பெரும் பங்கு இருந்தது. என் சந்தேகம் வேறு. அட்டையை எழுதித் தபாலில் சேர்ப்பவள் யார்? குலுக்கல் பரிசுக்கு ஆசைப்படும் வயதுக்காரி. உடனே பிடித்ததை உடனே சொல்லத் தெரிந்தவள். ஒரு கதையைப் படித்துவிட்டு, என்ன படித்தோம் என்றே புரியாமல், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருப்பவள் எந்தக் கதையைக் குறிப்பாள்?

1974, மே முதல் டிசம்பர் வரை

ஷுயெய்ஷாவின் 'மார்கரெட்' இதழில் 1972, 1973இல் வந்த இகேதா ரியோகோவின் 'வெர்சாயின் ரோஜா' ஜப்பானையே ஆட்டிவைத்திருந்தது. அதற்கு ஈடாக நீண்ட தொடர் ஒன்று 'ஷோஜோ காமிக்' வார இதழுக்கு வேண்டும், இரண்டு மூன்று ஆண்டுகள் ஓட வேண்டும் என்று யமமோட்டோ ஹாகியோவிடம் கேட்டார். ஹாகியோவிடம், யாரும் கேட்காமலேயே தனக்காக வரைந்து வைத்திருந்த ஏறத்தாழ 200 பக்கங்கள் இருந்தன. ஜெர்மன் உறைவிடப் பள்ளி ஒன்றில் நடக்கும் கதை. அதன் சாயலில் ஒரு சிறுகதையை 1971இல் மாத இதழில் ஏற்கெனவே வெளியிட்டிருந்தார். அந்தக் கட்டைத்தான் எடுத்துக் கொடுத்தார். 'தாமஸின் இதயம்' முதல் அத்தியாயம் 1974 மே 5 தேதியிட்ட இதழில் வந்தது.

முதல் பக்கங்களை ஒரு சிறுமியாக இருந்து பாருங்கள். பனி. தண்டவாளத்துக்கு மேலே ஒரு நடைபாலம். தாமஸ் வெர்னர் என்ற பையன் நடந்து வருகிறான், விழுந்து சாகிறான். கதையின் பெயரில் இருப்பவன் தொடங்கிய வேகத்திலேயே போய்விட்டான். பள்ளியில் எல்லோரும் விபத்து என்கிறார்கள். மூத்த மாணவன் ஜூலிக்கு மட்டும் தபாலில் ஒரு கடிதம் வருகிறது, இறந்தவன் கையெழுத்தில். அது விபத்து இல்லை என்பது ஜூலிக்கும் நமக்கும்தான் தெரியும். அந்தக் கடிதத்தைத் தாமஸின் கல்லறைக்குப் போய் ஜூலி கிழித்துப்போடுகிறான். திரும்பினால், இறந்தவனின் அச்சாக இன்னொரு பையன் நிற்கிறான். பெயர் எரிக். தாமஸை அவனுக்குத் தெரியாது. எல்லோரும் தன் முகத்தைப் பார்த்து ஏன் திடுக்கிடுகிறார்கள் என்று எரிச்சல்படுகிறான்.

இந்தக் கதையின் முக்கியப் பாத்திரங்களில் சிறுமி ஒருத்தி கூட இல்லை. சிரிப்பும் அதிகமில்லை. ஜூலி ஏன் அன்பை வெறுக்கிறான் என்பதற்கான காரணத்தை ஹாகியோ வெகுதூரம் தள்ளி ஒளித்து வைத்திருக்கிறார். அங்கே போகும்வரை ஜூலி நமக்குப் பிடிக்காதவனாகவே நடந்துகொள்வான். ஆங்கில மொழிபெயர்ப்பில் ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் ஒற்றைத் தொகுதியாக இதைப் படித்தபோது, எனக்கே முதல் பகுதியில் இரண்டு முறை மூடிவைக்கத் தோன்றியது. கையில் முழுப் புத்தகமும் இருந்ததால் தாண்டினேன். 1974இல் படித்தவளுக்குக் கையில் இருந்தது ஒரு வாரத்துக்கான பக்கங்கள். அவற்றில் பாதியில் யாராவது ஜன்னலோரம் நின்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்று வாரம் முடிந்ததும் வாக்கு எண்ணப்பட்டது. 'தாமஸின் இதயம்' கடைசி இடம். இரண்டு மூன்று ஆண்டு என்று பேசிய தொடரை நான்கைந்து வாரத்தில் முடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஜூன் மாதம் ஷோககுகான் 'பிளவர் காமிக்ஸ்' என்ற பெயரில் நூல் வரிசை ஒன்றைத் தொடங்கியது. வரிசையின் முதல் நூல் 'போ குலம்' முதல் தொகுதி. அச்சிட்ட 30,000 பிரதிகளும் மூன்று நாளில் தீர்ந்தன. தொலைக்காட்சித் தொடராக வராத ஒரு சிறுமியர் மங்கா அப்படி விற்றது அதற்கு முன் கேள்விப்படாத சங்கதி. ஒரே ஆள், ஒரே பதிப்பகம், ஏறத்தாழ ஒரே காலம். அட்டைக் கணக்கில் கடைசி, கடைக் கணக்கில் முதல்.

இந்த 30,000தான் தாமஸைக் காப்பாற்றியது என்று முடித்துவிடுவார்கள். எனக்குக் கதை திரும்பும் இடம் இதுவல்ல. விற்பனையைப் பார்த்த ஆசிரியர் குழு சொன்னது என்ன தெரியுமா? நல்லது, தாமஸை முடித்துவிட்டுப் 'போ குலத்தை' எழுதுங்கள். வியாபாரத்தில் அதற்குமேல் நியாயமான யோசனை கிடையாது. ஓடுகிற குதிரை கண்ணெதிரே நிற்கும்போது நொண்டிக் குதிரைக்கு ஏன் புல் போட வேண்டும்? புதிய எண்ணும் பழைய எண்ணும் சேர்ந்து தாமஸுக்கு எதிராகவே சாட்சி சொன்னன. ஹாகியோதான் மறுத்தார். இதை நடுவில் விட மாட்டேன் என்றார். பேரம் நடந்தது. இன்னும் மூன்று நான்கு வாரம் என்று முடிவானது. 30,000 பிரதி அவருக்கு வாங்கிக் கொடுத்தது அவ்வளவுதான்: பேரம் பேசும் தெம்பும், சில வாரங்களும்.

அந்தச் சில வாரங்கள் கோடையாக நீண்டன. கோடை முடியும்போது எடுத்த கணக்கில் தாமஸ் ஐந்தாவது ஆறாவது இடத்துக்கு வந்திருந்தது. நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த இடத்தில்தான். ஐந்தாவது இடம் என்பது வெற்றியே இல்லை. எந்த வரலாற்றிலும் அதைத் தடித்த எழுத்தில் போட மாட்டார்கள். ஆனால் அது வந்தது கடையிலிருந்து அல்ல, அதே அட்டையிலிருந்து. மே மாதம் கடைசியில் தள்ளிய அதே கூட்டத்துச் சிறுமிகள், ஆகஸ்டில் பேனாவை எடுத்து அந்தப் பெயரைக் குறித்தார்கள். சிலர் 'போ குலம்' படித்துவிட்டு வந்திருப்பார்கள். சிலருக்கு ஜூலியின் மேல் இருந்த கோபம், அவனுக்கு என்ன நேர்ந்தது என்ற கவலையாக மாறியிருக்கும். அவர்களை ரசனையற்றவர்கள் என்று சொல்ல யாருக்கு உரிமை? மூன்று வாரத்தில் கேட்ட கேள்விக்கு மூன்று வாரத்துப் பதில் சொன்னார்கள். நான்கு மாதம் கழித்துக் கேட்டபோது வேறு பதில் சொன்னார்கள். இரண்டும் உண்மையான பதில்களே. முதல் பதிலோடு கடையைக் கட்டியிருந்தால் இரண்டாவது பதில் எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது. இல்லாத ஒன்றைத் தவறவிட்டோம் என்று எவருக்கும் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

தொடர் 33 அத்தியாயங்கள் ஓடி, டிசம்பர் 22 தேதியிட்ட இதழில் முடிந்தது. மூன்று ஆண்டு இல்லை, எட்டு மாதம். ஹாகியோவுக்கு அது போதுமானதாக இருந்தது. 1976இல் 'போ குலத்துக்கும்', மாத இதழில் வந்த 'அவர்கள் பதினொருவர்' என்ற விண்வெளிக் கதைக்கும் ஷோககுகான் மங்கா விருது கிடைத்தது.

தகேமியாவின் வழி

அதே இதழில், அதே ஆண்டுகளில், அதே அட்டையை இன்னொருவர் வேறு விதமாகக் கையாண்டார். தகேமியாவிடமும் ஒரு கதை கனன்றுகொண்டிருந்தது. பிரெஞ்சு உறைவிடப் பள்ளியில் இரு சிறுவர்களுக்கிடையே உடலும் மனமும் கலந்த காதல். முதல் காட்சியே படுக்கையில். 1970களின் தொடக்கத்திலேயே ஐம்பது பக்கம் வரைந்து காட்டினார், எவரும் தொடவில்லை. முதல் பக்கத்தை மாற்றினால் பார்க்கலாம் என்றார்கள். அவர் மாற்ற மறுத்தார். வாசகர் கணக்கில் முதலிடம் பிடிக்கும் தொடர் ஒன்றைத் தந்தால், பிறகு விரும்பியதை வெளியிடலாம் என்று ஆசிரியர் தரப்பில் பேச்சு வந்தது. தகேமியா உட்கார்ந்து, எது ஓடும் என்று கணக்குப் போட்டு, 1974இல் 'பாரோவின் கல்லறை' தொடரைத் தொடங்கினார். பண்டைய எகிப்து, நாட்டை இழந்து அலையும் இளவரசன், பழிக்குப் பழி. சிறுமிகளைக் கட்டிப்போடத் தெரிந்த எல்லாம் அதில் இருந்தன. முதலிடம் கிடைக்கவில்லை, இரண்டாமிடம்தான். ஆனால் விடாமல் படிக்கும் கூட்டம் சேர்ந்துவிட்டது. 1976இல் 'காற்றும் மரமும் பாடும் பாடல்' படுக்கைக் காட்சியோடேயே வெளிவந்தது.

இருவரில் யார் செய்தது சரி என்று என்னைக் கேட்டால், பதில் நாளுக்கு நாள் மாறுகிறது. ஹாகியோ எண்ணை மதிக்கவில்லை, காத்திருக்கச் சொன்னார். தகேமியா எண்ணை மதித்தார், அதைச் சம்பாதித்து, தன் இஷ்டப்படி செலவழித்தார். 'பாரோவின் கல்லறை' வெறும் நுழைவுக் கட்டணம் என்று பலர் ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஓட வேண்டும் என்ற திட்டத்தோடு எழுதப்பட்ட கதைகளில் எத்தனை நல்ல கதைகள் இருக்கின்றன என்பது தொடர்கதை படித்தவர்களுக்குத் தெரியும்.

அட்டை அனுப்பாதவர்கள்

அதன்பின் நடந்ததை வேகமாகச் சொல்லலாம். 1978இல் 'ஷோஜோ காமிக்' வாரப் பதிப்பைக் கைவிட்டு மாதம் இருமுறை இதழானது. துணை இதழான 'பெஸ்ஸாட்சு', மாத இதழுக்கே உரிய நிதானத்தில் தன் வழியில் போயிற்று. நியூயார்க் தெருக் கும்பல்களைப் பற்றிய யோஷிதா அகிமியின் 'பனானா ஃபிஷ்' 1985 முதல் 1994 வரை ஓடியது ஒரு சிறுமியர் இதழில்தான் என்பதை இன்றைக்குச் சொன்னால் நம்ப மறுப்பார்கள். 2002இல் 'பெஸ்ஸாட்சு ஷோஜோ காமிக்' என்ற பெயர் 'பெட்சுகோமி' என்று சுருங்கியது.

எனக்கு இவற்றைவிடச் சுவாரசியமானது 1980இல் ஷோககுகான் செய்த காரியம். 'பெட்டி பிளவர்' என்று இன்னொரு இதழைத் தொடங்கி, அதன் ஆசிரியராக யமமோட்டோவை உட்கார வைத்தது. 'போ குலம்' வாங்கிய சிறுமிகள் வளர்ந்திருந்தார்கள். தாய் இதழில் அவர்களுக்குக் கதையில்லை, விட்டுப்போனால் திரும்பப் பிடிக்கவும் முடியாது. ஹாகியோ அங்கே போனார். தகேமியாவின் தொடரும் அங்கே இடம்பெயர்ந்து 1984இல் முடிந்தது. பன்னிரண்டு வயதுக்காரியின் அட்டையோடு போட்டிபோட வேண்டிய அவசியம் அந்தக் கதைகளுக்கு அதோடு தீர்ந்தது. வாசகர் கணக்கைத் திருத்துவதைவிட, வாசகரைப் பிரித்துத் தனி வீடு கட்டிக் கொடுப்பது எளிது என்று பதிப்பகம் முடிவு செய்தது போலிருக்கிறது. இது நல்ல தீர்வா என்பதில் எனக்கு இன்றும் இரண்டு மனம்தான். வளர்ந்தவர்களுக்கு வேண்டியது கிடைத்தது, சரி. ஆனால் 1974இல் தாமஸைக் கடைசியில் வைத்து, கோடைக்குள் மனம் மாறிய அந்தச் சிறுமிக்கு, 1984இல் அப்படி ஒரு கதை தவறிப்போய்க் கண்ணில் படும் வாய்ப்பு குறைந்துவிட்டதே.

'பெட்டி பிளவர்' 2002இல் 'பிளவர்ஸ்' ஆக மாறியது. 2016 மே இறுதியில் வெளிவந்த அதன் ஜூலை இதழில், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு 'போ குலத்தின்' புதிய கதை வந்தது. எட்கர் அதே பதினான்கு வயதில், இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டனில். இதழ் கடைகளில் காணாமல் போனது. ஒரு மாதத்தில் பழைய காகிதமாகிவிடும் மங்கா இதழை யாரும் மறுபதிப்பு செய்வதில்லை. ஷோககுகான் செய்ய வேண்டியதாயிற்று. தேடி அலைந்தவர்களில் ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் நிறைய இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரே இதழில் முடிகிற கதையாக அறிவிக்கப்பட்டது, அடுத்த ஆண்டே தொடராகிவிட்டது. 1972இல் யமமோட்டோவிடம் நடந்ததேதான், இந்த முறை யாரும் விதி பேசவில்லை.